எம்டன் போர்க்கப்பலின் பணிவரலாறும் செண்பகராமன் பிள்ளை பற்றிய வாய்மொழி மரபும்

முன்னுரை

முதல் உலகப்போரின் தொடக்கத்தில் சென்னையைத் தாக்கிய ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், தமிழில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. தந்திரம் மிக்கவரையும் கண்டிப்பானவரையும் 'எம்டன்' எனக் குறிப்பது பேச்சுவழக்கு. நாஞ்சில் நாட்டு வேர்கொண்ட குடும்பத்தில் பிறந்த விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை (1891-1934) அக்கப்பலில் இருந்து தாக்குதலுக்கு வழிகாட்டினார் என்னும் செய்தியும் பரவலாக வழங்குகிறது. இச்செய்தியைக் கப்பலின் பணிவரலாற்றோடு ஒப்பிட்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கப்பலின் பணிவரலாறு

டான்சிக் கப்பல்தளத்தில் கட்டப்பட்ட எம்டன் 1908 மே 26 அன்று நீரில் இறக்கப்பட்டு, 1909 சூலையில் கடற்படைப் பணியில் சேர்ந்தது. 10.5 செ.மீ. பீரங்கிகள் பத்து அதில் பொருத்தப்பட்டிருந்தன. 1910 ஏப்ரலில் கிழக்காசியப் படைப்பிரிவுக்கு அனுப்பப்பட்ட அக்கப்பல் பின்னர் ஐரோப்பாவுக்குத் திரும்பவே இல்லை. 1913இல் கார்ல் ஃபான் முல்லர் அதன் தலைவரானார்.

1914 சூலை 31 அன்று சீனத்துச் சிங்தாவ் துறைமுகத்தை விட்டு நீங்கிய எம்டன், ஆகஸ்டு நடுவில் மரியானாத் தீவுகளில் தன் படைப்பிரிவைப் பிரிந்து இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்தது. செப்டம்பர் 22 இரவு சென்னைக் கரையை நெருங்கி, பர்மா எண்ணெய்க் குழுமத்தின் சேமிப்புக் கலன்களைச் சுட்டது. இரண்டு கலன்கள் தீப்பற்றின. குண்டு விழுந்த இடத்தை உயர்நீதிமன்ற வளாகத்தில் உள்ள கல்வெட்டு இன்றும் காட்டுகிறது.

பின்னர் இலங்கையைச் சுற்றி மேற்கே சென்ற எம்டன், கொழும்புக்கும் மினிக்காய்த் தீவுக்கும் இடைப்பட்ட வணிகக் கடல்வழியில் கப்பல்களைக் கைப்பற்றியது. கடியப்பட்டணமும் மினிக்காயும் ஏறத்தாழ ஒரே அகலக்கோட்டில் அமைந்தவை. ஆகவே இவ்வேட்டைக்களம் நாஞ்சில் நாட்டுக் கடற்கரைக்குத் தெற்கிலும் மேற்கிலும் விரிந்திருந்தது எனலாம். எனினும் இந்தியக் கரையில் எம்டன் தாக்கிய இடம் சென்னை மட்டுமே. அக்டோபர் 28 அன்று பினாங்கில் இரு போர்க்கப்பல்களை மூழ்கடித்த எம்டன், நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியால் வீழ்த்தப்பட்டது.

காலவரிசை ஒப்பீடு

சூரிச்சில் பொறியியல் பயின்ற பிள்ளை, 1914இல் அந்நகரில் பன்னாட்டு இந்திய ஆதரவுக் குழுவை அமைத்தார். அக்டோபரில் பெர்லின் சென்று அங்கு இயங்கிய இந்தியக் குழுவில் இணைந்தார். சென்னைத் தாக்குதலின்போது எம்டனில் இருந்த ஒருவர் அக்டோபரில் பெர்லினை அடைய வழியில்லை. தாக்குதலுக்குப் பின் பிடிபட்டோரை ஏற்றி விடுவிக்கப்பட்ட கிரைஃப்வேல் கொழும்புக்கும், செயின்ட் எக்பர்ட் கொச்சிக்கும் சென்றன. இவ்விரு துறைமுகங்களும் பிரித்தானியர் வசம் இருந்தவை. மூன்றாவதான நியூபர்ன் அக்டோபர் இறுதியில்தான் விடுவிக்கப்பட்டது. கோகோஸ் தீவில் தரையிறங்கித் தப்பிய ஃபான் முக்கேயின் குழுவினர் கான்ஸ்டாண்டிநோபிளை அடைந்தது 1915இல். ஆகவே காலவரிசை வாய்மொழிச் செய்தியை மறுக்கிறது.

இலக்கு தவறாமல் சுட்டமைக்கு உள்ளூர் வழிகாட்டி ஒருவர் இருந்திருக்க வேண்டும் என்னும் ஊகமே இச்செய்திக்கு அடிப்படையாகலாம். ஆனால் கிழக்கத்தியத் துறைமுகங்களை நன்கறிந்த வணிகக் கப்பல் தலைவர் யூலியஸ் லௌட்டர்பாக் எம்டனில் அதிகாரியாகப் பணியாற்றினார். போர்க்கால இருட்டடிப்பு இன்றிச் சென்னை அன்றிரவு ஒளியோடு விளங்கியதும் தாக்குதலுக்கு உதவியது.

முடிவுரை

வாய்மொழி மரபு வரலாற்றுச் சான்றாக நிற்காவிடினும், ஒரு சமூகம் தன் வீரனை எங்கு வைத்துக் காண விரும்பியது என்பதற்குச் சான்றாகிறது. ஆயினும் கற்பித்த வீரம், பிள்ளை சூரிச்சிலும் பெர்லினிலும் ஆற்றிய அரசியற் பணியை மறைத்துவிடுகிறது. சான்றுகள் வழி உறுதிப்படும் போர்க்கப்பல் தொடர்பு அவர் மறைவுக்குப் பிந்தையது: மனைவி இலட்சுமிபாய் காத்துவைத்திருந்த அவரது அஸ்தி, 1966இல் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். டெல்லியில் கொச்சிக்குக் கொண்டுவரப்பட்டது. எம்டனைப் பற்றிய தமிழ்ப் பதிவுகளை ஆராய்வோர் சொல்வழக்கு, வாய்மொழி, ஆவணம் ஆகிய மூன்றையும் தனித்தனியே மதிப்பிடுதல் வேண்டும்.