தண்ணீருக்கு அடியில் ஒரு டவுன்

மவுசாகலை அணையைத் தாண்டிப் போகிறோம், வருகிறோம். அதற்கு அடியில் பழைய மஸ்கெலியா டவுன் கிடப்பது நம்ம பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மஸ்கெலி ஓயாவும் நோர்வூட் பக்கமாக வரும் கெசல்கமு ஓயாவும் கித்துல்கலைக்கு மேலே சேர்ந்துதான் களனி கங்கையாகிறது. கொழும்புக்காரர் குடிக்கும் தண்ணீரும் இதுதான்!

மலையில் முதலில் கோப்பிதான் இருந்தது. 1869இல் வந்த இலைநோய் அதை அழித்தது, பிறகு தேயிலை. 1884இல் ஹட்டனுக்கு ரயில் வந்தது.

1965இல் காசல்ரீ, 1969இல் மவுசாகலை அணைகள் எழுந்தன. டவுன் மேட்டுக்குப் போனது, கோயில் தண்ணீருக்குள் போனது. கடும் வரட்சியில் அது இன்றும் தலைகாட்டும். மவுசாகலைத் தண்ணீர் கனியன், புதிய லக்ஷபான, பொல்பிட்டிய என்று இறங்கி இறங்கி மூன்று இடத்தில் மின்சாரம் தருகிறது. ஆனாலும் பல லயங்கள் வெகுகாலம் குப்பி விளக்கோடுதான் கிடந்தன. இதைச் சொல்லாமல் விட முடியாது.

இப்போது எங்கள் கவலை மண். கான் அடைபட்டால் மழைத் தண்ணீர் மலை மேலாகவே ஓடும், மேல்மண் அணைக்குள் போய்ப் படியும். மண் போன மலையில் கொழுந்து குறையும். கிலோ குறைந்தால் அரைப்பேர்தான். ஆகவே லயத்துக் குப்பையைக் கானில் கொட்டாதீர்கள், மழைக்கு முன்பே துப்புரவாக்குங்கள்.