த்ரீ நாட் த்ரீ தோட்டாவின் கழுத்து

ஆவடிப் பக்கம் இருப்பவர்களுக்கு த்ரீ நாட் த்ரீ ரைபிளை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சிறப்புக் காவல் படை முகாம்கள் இருக்கும் ஊர் இது. அந்தப் பழைய மரக்கட்டைத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிய போலீஸ்காரர்களைப் பார்த்தே வளர்ந்த ஒரு தலைமுறை இங்கே உண்டு. துப்பாக்கியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் பார்க்கப் போவது அதன் தோட்டாவை, குறிப்பாக அந்தத் தோட்டாவின் கழுத்தை.

தோட்டா என்பது நாலு சாமான் சேர்ந்தது. பித்தளைக் கூடு, உள்ளே மருந்து, அடியில் தீ வைக்கும் கேப், வாயில் செருகிய குண்டு. .303 கூட்டின் அடிப்பக்கம் சுமார் 11.7 மி.மீ. அகலம், குண்டோ 7.9 மி.மீ.தான். அதனால் கூடு மேலே போகப்போகத் தோள் சரிந்து, கழுத்து ஒடுங்கி, சோடா பாட்டில் மாதிரி இருக்கும். மருந்து நிறைய வேண்டும், குண்டு சின்னதாக இருந்து வேகமாகப் போக வேண்டும் என்றால் இதுதான் வழி. நேர்க் குழாயாகச் செய்தால் கூடு எக்கச்சக்கமாக நீண்டுவிடும்.

இதைக் கவனித்த துப்பாக்கிப் பட்டறைக்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஏற்கெனவே கடையில் கிடைக்கிற கூட்டை ஒரு டையில் அழுத்தி, கழுத்தை இன்னும் ஒடுக்கி, அதைவிடச் சின்ன குண்டைச் செருகினார்கள். அதற்கேற்ற பேரலும் செய்துகொண்டால் புதுத் தோட்டா தயார். எந்தக் கம்பெனியும் விற்காத இந்த வகைக்கு அமெரிக்காவில் வைல்டுகேட் என்று பேர், அதாவது காட்டுப்பூனை. சில பூனைகள் வீட்டுக்கும் வந்தன. .30-06 கூட்டின் கழுத்தைக் கால் அங்குலத்துக்கு ஒடுக்கிய .25-06 பல வருஷம் பட்டறைகளிலேயே சுற்றிவிட்டு, 1969-ல் ரெமிங்டன் கம்பெனியின் சரக்காக ஆனது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் டூல் வேலை தெரிந்த யாருக்கும் இதில் உள்ள சிக்கல் உடனே புரியும். பித்தளையை அழுத்த அழுத்த அது இறுகும். இறுகிய பிறகும் விடாமல் அழுத்தினால் விரிசல் விடும். பாத்திரக்காரர்கள் தட்டும்போது நடுநடுவே தீயில் காட்டி ஆறவிடுவது இதற்காகத்தான். ஒர்க்‌ஷாப் பாஷையில் அனீலிங். இதைச் சரியாகச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் தெரிந்துகொண்டது நம் நாட்டில்தான். பிரிட்டிஷ் படைகள் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்தன. மழை விட்டு எடுத்துப் பார்த்தால் கூடுகளில் விரிசல். அதுவும் குண்டைப் பிடித்து இறுக்கிய இடத்தில்தான் அதிகம். யாரும் சுடவில்லை, யாரும் கீழே போடவில்லை. 1921-ல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூவர் காரணத்தை விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியாவும், இழுத்து நெரித்த பித்தளைக்குள் தங்கிப்போன இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது. இன்றும் உலோகவியல் புத்தகங்களில் இதற்கு சீசன் கிராக்கிங் என்றே பேர். அந்த சீசன் நம்ம ஊர் மழைக்காலம்.

வைல்டுகேட் ஆட்கள் கழுத்தை ஒடுக்கியது பெரும்பாலும் வேகத்துக்காக. இந்தியாவில் கழுத்தின் அளவைத் தீர்மானித்தது சர்க்காரின் பயம். 1857-க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கென்று உள்வரி இல்லாத வழுவழுக் குழல் துப்பாக்கி செய்துகொடுத்தவர்கள் அவர்கள். 1871-ல் வந்த மார்ட்டினி-ஹென்றி ரைபிளின் தோட்டா, பழைய ஸ்னைடர் ரைபிளின் .577 கூட்டைக் .450-க்கு ஒடுக்கியதுதான். அந்த ரைபிள்கள் வடமேற்கு எல்லைப் பழங்குடிகள் கைக்கும் சூடானில் எதிரிகள் கைக்கும் போய்ச் சேர்ந்தன. துப்பாக்கியைத் திரும்பப் பிடுங்க முடியாது, தீனியையாவது நிறுத்துவோம் என்று 1907-ல் .450 தோட்டா இந்தியாவுக்கும் சூடானுக்கும் வருவதைத் தடுத்தார்கள். இதில் மாட்டிக்கொண்டவர்கள் .450 வைத்திருந்த யானை, புலி வேட்டைத் துரைமார்கள். இங்கிலாந்துத் துப்பாக்கிக் கம்பெனிகள் அசரவில்லை. .500 கூட்டைக் கொஞ்சம் ஒடுக்கி .470, .465 என்று தடைக்கு வெளியே நிற்கும் தோட்டாக்களை விற்க ஆரம்பித்தன.

.303 கதை இன்னும் சுவாரசியம். ராணுவத் தோட்டா என்பதால் பொதுமக்கள் அதை வைத்திருக்கத் தடை. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலும் ராணுவ அளவுத் தோட்டாக்களுக்குக் கட்டுப்பாடு இருந்தது. அங்கே மலிவாகக் கிடைத்த .303 கூட்டின் கழுத்தைச் சுமார் 6.5 மி.மீ. குண்டுக்கு ஒடுக்கி, .303/25 என்று பேர் வைத்து வேட்டைக்குப் போய்விட்டார்கள். அசல் காட்டுப்பூனை.

இங்கே நடந்தது நேர் எதிர். போலீசுக்கும் சிறைக் காவலர்களுக்கும் துப்பாக்கி வேண்டும், ஆனால் அது பறிபோனால் ராணுவத்துக்கு எதிராக உபயோகப்படக் கூடாது. அதனால் இஷாப்பூர் தொழிற்சாலையில் .303 ரைபிளின் குழலை உள்வரி இல்லாமல் .410-ஆக மாற்றினார்கள். மேகசின் இடத்தைக் கட்டையால் அடைத்து, ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடும்படி செய்தார்கள். தோட்டாவுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? .303 கூட்டைக் கழுத்து ஒடுக்கும் கட்டத்துக்கு முன்பே எடுத்துக்கொண்டார்கள்! கழுத்தே இல்லாத நேர்க் கூடு. திருடிக்கொண்டு போய் ராணுவ ரைபிளில் போட்டால் உள்ளேயே நுழையாது. போலீசின் ஃபோர்-டென் மஸ்கெட் இதுதான்.

லைசென்ஸ் வாங்கிய பொதுமக்களுக்கு ஆஸ்திரிய மான்லிக்கரின் 8 மி.மீ. தோட்டா வழக்கத்துக்கு வந்தது. அதுதான் .315. சுதந்திரத்துக்குப் பிறகு இஷாப்பூரே .315 ரைபிள் செய்து விற்றது. அதன் குண்டு 8.2 மி.மீ., அதாவது தடை செய்யப்பட்ட .303-ஐவிடத் தடிமன். தடை ஆபத்தின் அளவைப் பார்த்து வந்ததில்லை, ராணுவக் கிடங்கோடு பொருந்துமா என்று பார்த்து வந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஆக, இங்கே வைல்டுகேட் வளராததற்குக் கைத்திறன் குறைவு காரணமில்லை. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி தோட்டா செய்வதற்கும் மாற்றுவதற்கும் தனி லைசென்ஸ் வேண்டும். கழுத்தை மாற்றும் வேலை இங்கே சர்க்கார் சங்கதி. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் வெளிவந்த விஜயந்தா டேங்கில்கூட அது உண்டு. அதன் 105 மி.மீ. பீரங்கிக்கான கூடு, பிரிட்டிஷ்காரர்களின் பழைய 20 பவுண்டர் பீரங்கிக் கூட்டிலிருந்து வந்தது. கழுத்தை 84 மி.மீ.யிலிருந்து 105-க்கு விரித்திருந்தார்கள்.