படுக்கையில் பிறந்த பாடல்கள்: மெலடி கார்டோவின் முதல் அல்பம்

2003 நவம்பரில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் சைக்கிளில் சென்றுகொண்டிருந்த 18 வயது மாணவி ஒருத்தியை வாகனமொன்று மோதியது. இடுப்பெலும்பு முறிந்தது. தலையிலும் முள்ளந்தண்டிலும் காயம். உயிர் தப்பினாலும், சற்று முன் நடந்ததை நினைவில் வைத்திருக்க முடியவில்லை. வெளிச்சத்தையும் சத்தத்தையும் தாங்கவும் முடியவில்லை. அவர்தான் இன்று உலகறிந்த பாடகி மெலடி கார்டோ.

விபத்துக்கு முன் அவர் மதுச்சாலைகளில் பியானோ வாசித்தவர். அதை அறிந்த வைத்தியர் ஒருவர், மூளை மீள்வதற்கு இசை உதவலாம் என்றார். பியானோ முன் உட்கார முடியாததால், மல்லாந்து படுத்தபடியே கிற்றார் பழகினார். முதலில் முணுமுணுத்தார், பின்னர் பாடினார், பின்னர் எழுதினார். படுக்கையிலிருந்தே பதிவு செய்த பாடல்கள் 2005இல் சிறு தொகுப்பாக வந்தன.

இசை ஏன் உதவுகிறது? பேச்சு, அசைவு, நினைவு, உணர்ச்சி ஆகியவற்றோடு தொடர்புடைய மூளைப் பகுதிகள் பலவற்றை அது ஒரே நேரத்தில் வேலை செய்ய வைக்கிறது. ஒரு பாதை சேதமடைந்தால் இன்னொன்றைப் பழக்க வாய்ப்புக் கிடைக்கிறது. பக்கவாதத்தால் பேச்சிழந்த சிலர் சொற்களைப் பாடிக்காட்டுவதும் இதனால்தான்.

‘வொரிசம் ஹார்ட்’ என்ற அவரது முதல் முழு அல்பம் 2006இல் வெளியானது. 2008இல் வேர்வ் நிறுவனம் அதை மீண்டும் வெளியிட்டது. பத்துத் தடங்கள், கடைசி, குரலே இல்லாத இசை. தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி நடக்கும் ஜாஸ் குரலும், தன் வாழ்வைத் தானே எழுதிப் பாடும் ‘அடல்ட் ஒல்ட்டர்னேட்டிவ்’ வானொலிப் பாடல்களின் நிதானமும் இதில் கலந்திருக்கின்றன. எங்கும் உரத்த சத்தமில்லை. சத்தமே வலியாக இருந்த ஒருவரின் இசை இது என்று தெரிந்தபின், அந்த மென்மை வேறுவிதமாகக் கேட்கிறது. விபத்தைப் பற்றிய பாடலும் உண்டு. அதில் பழிவாங்கலோ புலம்பலோ இல்லை.

இதை அற்புதக் கதையாக வாசிக்கத் தேவையில்லை. அல்பம் வெளிவந்த பின்னரும் பல ஆண்டுகள் அவர் ஊன்றுகோலோடும் கறுப்புக் கண்ணாடியோடுமே மேடையேறினார். வலி போகவில்லை, வலியோடு செய்யக்கூடிய ஒரு வேலை கிடைத்தது. யுத்தக் காயங்களோடு வாழ்பவர்கள் உள்ள எங்கள் வீடுகளுக்கு இந்த வேறுபாடு புரியும். இசை மருந்துக்கு மாற்றல்ல. ஆனால் பேச மறந்த ஒருவர் மெதுவாக முணுமுணுக்கத் தொடங்கினால், அவரைத் தடுக்காமல் பக்கத்தில் இருந்து கேளுங்கள்.