பேனாவின் மொழி, உளியின் மொழி

தொழிற்கடன் நாடி வங்கிக் கிளைகளுக்கு வருவோரில் பெயர்ப்பலகைத் தொழில் செய்வோரும் ஒரு பிரிவினர். வாகனங்களுக்கும் கடைக் கண்ணாடிகளுக்கும் ஸ்டிக்கர் வெட்டித் தந்து வந்த இவர்கள், அடுத்த படியாகப் பித்தளை, அக்ரிலிக், மரம் ஆகியவற்றில் எழுத்தும் சின்னமும் பொறிக்கும் சி.என்.சி. இயந்திரத்தை வாங்க விரும்புகின்றனர். ஸ்டிக்கர் வெட்டும் கருவிக்காகப் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த வரைபடக் கோப்புகள் அவர்களுடைய கணினியில் நிறைந்திருக்கும். இயந்திரம் வந்து இறங்கினால் போதும், படங்கள் தயாராகவே உள்ளன என்பது அவர்களது நம்பிக்கை. அந்த நம்பிக்கை பாதி அளவுக்குச் சரியானது. மீதிப் பாதியில்தான் பித்தளைத் தகடும் வேலை நாட்களும் வீணாகின்றன. அந்த மீதிப் பாதியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் வணிகவியல் படித்தவர்கள். இயந்திரப் பொறியியல் நம் துறையன்று. ஆயினும், ஒரு தொழிலுக்குக் கடன் வழங்குவோர், அத்தொழிலில் பணம் எந்த இடத்தில் கசியக்கூடும் என்பதை அறிந்திருத்தல் கடமையாகும். கடன் பெறுவோர் அதை முன்கூட்டியே அறிந்திருப்பது அதனினும் நன்று.

இரண்டு மொழிகள்

காகிதத்தின் மீது பேனாவை நகர்த்திக் கட்டட வரைபடங்களையும் பொறியியல் வரைபடங்களையும் வரைந்து தந்த கருவிக்குப் பிளாட்டர் என்று பெயர். 1970களின் பிற்பகுதியில் எச்.பி. நிறுவனம் தன் பிளாட்டர்களுக்கென ஒரு கட்டளை மொழியை உருவாக்கியது. எச்.பி.ஜி.எல். என்பது அதன் பெயர். பேனா பிளாட்டர்கள் பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டன. ஆனால் அவற்றின் மொழி மறையவில்லை. ஸ்டிக்கர் வெட்டும் கருவியில் பேனா இருந்த இடத்தில் ஒரு சிறு கத்தி வந்து அமர்ந்தது. மொழி அப்படியே தொடர்ந்தது. இன்றும் கோரல்டிரா போன்ற மென்பொருளிலிருந்து பி.எல்.டி. என்ற பின்னொட்டுடன் வெளிவரும் கோப்புகள் இம்மொழியில் எழுதப்பட்டவையே.

செதுக்கும் இயந்திரத்தின் மொழி வேறு. 1952-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், எண்களால் கட்டுப்படுத்தப்படும் மில்லிங் இயந்திரம் ஒன்று செய்து காட்டப்பட்டது. அந்த மரபில் வளர்ந்ததே இன்று ஜி-கோடு என வழங்கப்படும் இயந்திரக் குறிமொழி. முன்னது பேனாவுக்காகப் பிறந்தது. பின்னது உலோகத்தை வெட்டுவதற்காகப் பிறந்தது. ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது எழும் சிக்கல்கள் அனைத்துக்கும் இவ்வேறுபாடே வேர்.

ஒரு செவ்வகத்தின் கணக்கு

எளிய எடுத்துக்காட்டாக, 50 மி.மீ. நீளமும் 20 மி.மீ. உயரமும் கொண்ட ஒரு செவ்வகத்தை எடுத்துக்கொள்வோம். எச்.பி.ஜி.எல். மொழியில் நீளம் மில்லிமீட்டரில் எழுதப்படுவதில்லை. அதன் அலகு ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 0.025 மி.மீ. ஆகவே 50 மி.மீ. என்பது 2,000 அலகுகள், 20 மி.மீ. என்பது 800 அலகுகள். கோப்பில் இருக்கும் கட்டளைகளின் பொருள் இவ்வளவே:

பி.யு. 400, 400: பேனாவை உயர்த்தி இப்புள்ளிக்குச் செல்.
பி.டி. 2400, 400: பேனாவை இறக்கி இப்புள்ளி வரை கோடு இழு.
பி.டி. 2400, 1200: அடுத்த பக்கம்.
பி.டி. 400, 1200: மூன்றாம் பக்கம்.
பி.டி. 400, 400: தொடங்கிய இடத்துக்குத் திரும்பு.
பி.யு.: பேனாவை உயர்த்து.

மாற்றும் மென்பொருள் ஒவ்வோர் எண்ணையும் 40-ஆல் வகுக்கிறது. 400 என்பது 10 மி.மீ. ஆகிறது, 2400 என்பது 60 ஆகிறது, 1200 என்பது 30 ஆகிறது. பேனா உயர்ந்து நகரும் இடங்களில் ஜி 0 என்னும் விரைவு நகர்வுக் கட்டளையும், பேனா இறங்கி நகரும் இடங்களில் ஜி 1 என்னும் வெட்டு நகர்வுக் கட்டளையும் எழுதப்படுகின்றன. வவுச்சரிலிருந்து பேரேட்டுக்குப் பதிவு செய்வதைப் போன்ற வேலை இது. இதுவரை மனிதர் தலையிட வேண்டிய தேவை எதுவும் இல்லை.

கோப்பில் இல்லாத செய்திகள்

பேனாவுக்கு இரண்டே நிலைகள்: மேலே, கீழே. செதுக்கும் பிட்டுக்கு அவ்வாறு அன்று. தகட்டின் மேற்பரப்பிலிருந்து எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும்? ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவும்போது எவ்வளவு உயரம் எழ வேண்டும்? பொருளுக்குள் இறங்கும் வேகம் என்ன? வெட்டிக்கொண்டு நகரும் வேகம் என்ன? பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுழல வேண்டும்? இவற்றுள் ஒன்றுக்கும் பி.எல்.டி. கோப்பில் விடை கிடையாது. விடையளிக்க வேண்டியவர் இயந்திரத்தை இயக்குபவரே. மென்பொருள் தானாக ஒரு மதிப்பை நிரப்பித் தருமானால், அது மரத்துக்குப் பொருந்தி, பித்தளையில் பிட்டை ஒடித்துவிடக்கூடும்.

உத்தரப் பிரதேசத்தின் முராதாபாத் பித்தளைக் கலைப்பொருட்களுக்குப் புகழ்பெற்றது. அங்கு நக்காஷி எனப்படும் செதுக்குவேலை செய்யும் கைவினைஞர், உளியைத் தட்டும்போதே உலோகத்தின் எதிர்ப்பைக் கையால் உணர்ந்து, அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் கொள்கிறார். ஆழம் பற்றிய அறிவு அவர் மணிக்கட்டில் இருக்கிறது. இயந்திரத்துக்கு அவ்வுணர்வு இல்லை. சொன்ன ஆழத்துக்கு அது இறங்கும். தகடு வளைந்திருந்தாலும் இறங்கும்.

இதன் விளைவை எண்ணால் காண்போம். 60 பாகைக் கூர்முனை கொண்ட பிட் 0.3 மி.மீ. ஆழம் இறங்கினால், கோட்டின் அகலம் ஏறத்தாழ 0.35 மி.மீ. ஆகும். தகட்டின் ஒரு முனை 0.2 மி.மீ. மேடாகவும் மறுமுனை அதே அளவு பள்ளமாகவும் இருந்தால், ஒருபுறம் ஆழம் 0.5 மி.மீ. ஆகிக் கோடு 0.58 மி.மீ. அகலம் பெறும், மறுபுறம் ஆழம் 0.1 மி.மீ. ஆகி 0.12 மி.மீ. அகலத்துக்கு மெலியும். ஒரே பெயரில் முதலெழுத்து தடித்தும் இறுதியெழுத்து மங்கியும் நிற்கும். வரைபடத்தில் பிழை இராது. பலகையை மட்டும் வாடிக்கையாளர் ஏற்க மாட்டார்.

ஸ்டிக்கர் கோப்புகளில் மேலும் சில பொறிகள் உண்டு. அவற்றில் எழுத்தின் வெளிக்கோடு மட்டுமே இருக்கும். அதை அப்படியே செதுக்கினால் உள்ளே நிரம்பாத கூட்டெழுத்துதான் கிடைக்கும். உட்பகுதியைக் குடைய வேண்டுமெனில் அதற்கான தடங்களைத் தனியே சேர்க்க வேண்டும். ஸ்டிக்கரை உரிக்க வசதியாக எழுத்தைச் சுற்றி வெட்டப்படும் சட்டக்கோடும் சில கோப்புகளில் இருக்கும். அதை நீக்க மறந்தால் பித்தளைப் பலகையிலும் அச்சட்டம் பதிந்துவிடும். பிட்டின் பருமனையும் கணக்கில் கொள்ள வேண்டும். 1 மி.மீ. விட்டமுள்ள தட்டைப் பிட் வெளிக்கோட்டின் மேலேயே ஓடினால், எழுத்து ஒவ்வொரு பக்கமும் அரை மி.மீ. பருத்துவிடும்.

வளைவுகளும் கவனத்துக்குரியவை. பல கோப்புகளில் வட்டம் வட்டமாக இராது. சிறு நேர்கோடுகளின் தொகுப்பாக இருக்கும். 20 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தை 72 துண்டுகளாக்கினால், உண்மையான வளைவிலிருந்து விலகல் 0.02 மி.மீ. அளவே, கண்ணுக்குத் தெரியாது. அதையே 12 துண்டுகளாக்கினால் விலகல் ஏறத்தாழ 0.7 மி.மீ.; வட்டம் பலகோணமாகத் தெரியும்.

அலகு சொல்லாத தொகை

பிழைகளில் பெரும் இழப்புக்கு வழிவகுப்பது அலகுப் பிழை. ஜி 21 என்றால் எண்கள் மில்லிமீட்டரில்; ஜி 20 என்றால் அங்குலத்தில். இக்கட்டளை விடுபட்டாலோ மாறினாலோ அளவு 25.4 மடங்கு பெருகும் அல்லது சுருங்கும். 50 மி.மீ. பக்கம் 1,270 மி.மீ. ஆகி, இயந்திரம் தன் எல்லைவரை ஓடி முட்டும். அல்லது 2 மி.மீ. அளவுக்குச் சுருங்கி ஒரே இடத்தைக் குடையும். ஆயிரம் என்று எழுதிவிட்டு, ரூபாயா டாலரா என்று குறிப்பிடாத ஒப்பந்தத்தில் எவரும் கையொப்பமிட மாட்டார். இங்கும் அதே எச்சரிக்கை தேவை.

தொடக்கப்புள்ளியும் அவ்வாறே. சில பிளாட்டர்கள் தாளின் மூலையைப் பூச்சியமாகக் கொள்ளும். பெரிய பிளாட்டர்கள் சில, தாளின் நடுவைப் பூச்சியமாகக் கொள்ளும். நடுவைப் பூச்சியமாகக் கொண்ட கோப்பை, மூலையைப் பூச்சியமாக வைத்த இயந்திரத்தில் ஓட்டினால் படத்தின் பெரும்பகுதி தகட்டுக்கு வெளியே விழும்.

இவற்றைத் தவிர்க்கும் வழிகள் செலவு மிக்கவை அல்ல. மாற்றிய கோப்பை முதலில் கணினித் திரையில் ஓட்டிப் பார்க்கலாம். அதற்குக் கேமோடிக்ஸ் போன்ற கட்டணமில்லா மென்பொருள்கள் உள்ளன. பின்னர் பிட்டைத் தகட்டுக்கு மேலே உயர்த்தி வைத்து ஒரு வெற்றோட்டம் ஓட்ட வேண்டும். அதன்பின் கழிவுத் துண்டில் 50 மி.மீ. கோடு ஒன்றைச் செதுக்கி அளவுகோலால் அளக்க வேண்டும். மூன்றும் சரியான பிறகே நல்ல தகட்டைப் பூட்ட வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் பொருந்திய ஆழம், வேகம், பிட் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் குறித்து வைத்தால், அடுத்த வேலை நினைவை நம்பி நிற்காது. இயக்குபவர் விடுப்பில் சென்றாலும் வேலை நிற்காது.

பழைய கோப்புகளிலேயே ஒரு வசதியும் மறைந்திருக்கிறது. பிளாட்டரில் பல நிறப் பேனாக்கள் இருந்தமையால், எந்தப் பேனாவை எடுப்பது என்பதற்கும் எஸ்.பி. என்ற கட்டளை உண்டு. வரையும்போதே எழுத்துக்கு ஒரு பேனா எண்ணும் ஓரக்கோட்டுக்கு வேறொரு பேனா எண்ணும் கொடுத்து, மாற்றும்போது ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் ஆழத்தை ஒதுக்கலாம். முன்பு நிறத்தைக் குறித்த எண், இப்போது ஆழத்தைக் குறிக்கும்.

கடன் திட்டத்தில் இதற்கோர் இடம்

ஐந்து லட்சம் ரூபாய்க் கடன், ஆண்டு வட்டி 10 விழுக்காடு, ஐந்தாண்டுத் தவணை என்று கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 10,624 ரூபாய். மாதத்துக்கு 25 வேலை நாட்கள் எனில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 425 ரூபாய். இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இத்தொகை சேர்ந்துகொண்டே இருக்கும். கோப்பை மாற்றக் கற்றுக்கொள்வதற்கு ஒரு மாதம் ஆகுமெனில், அந்த மாதத்தின் தவணையும் முதலீட்டின் ஒரு பகுதியே.

ஆகவே, திட்ட அறிக்கை தயாரிக்கும் வாடிக்கையாளர்கள் இயந்திரத்தின் விலைப்புள்ளியோடு நின்றுவிட வேண்டாம். மென்பொருள், உதிரிப் பிட்டுகள், சோதனைக்கான தகடுகள், பயிற்சி, பழகும் காலத்துக்கான நடைமுறை மூலதனம் ஆகியவற்றையும் தனித்தனியே எழுதிச் சேர்க்க வேண்டும். விற்பனையாளரிடம், தம்முடைய பழைய கோப்பு ஒன்றைக் கொடுத்து, தம் கண்ணெதிரே மாற்றிச் செதுக்கிக் காட்டுமாறு கேட்கலாம். அவரே கொண்டுவந்த மாதிரிக் கோப்பு எப்போதும் சரியாகத்தான் ஓடும்.

பயிற்சிக்கு, மத்திய குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் அமைச்சகத்தின் தொழில்நுட்ப மையங்கள் உதவும். லூதியானா, அகமதாபாத், இந்தூர், ஐதராபாத், புவனேசுவரம், ஜாம்ஷெட்பூர் முதலிய நகரங்களில் இயங்கும் இம்மையங்களில் சி.என்.சி. பயிற்சிகள் நடத்தப்படுகின்றன. நிதிக்கு, 2015-இல் தொடங்கப்பட்ட முத்ரா திட்டத்தின் கீழ் 10 லட்சம் ரூபாய் வரை பிணையமின்றிக் கடன் பெறலாம். தருண் பிரிவில் கடன் பெற்று முறையாகத் திருப்பிச் செலுத்தியவர்களுக்கு இவ்வரம்பு 20 லட்சம் ரூபாய். விண்ணப்பிக்கும் முன் உத்யம் பதிவைக் கட்டணமின்றி முடித்துக்கொள்வது நலம்.

பல ஆண்டுகள் வரைந்து சேர்த்த கோப்புகள், இருப்புநிலைக் குறிப்பில் இடம்பெறாத சொத்து. எங்கே வெட்ட வேண்டும் என்பதை அவை தெளிவாகச் சொல்லும். எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம், எந்தப் பிட் என்பதைச் சொல்ல வேண்டியவர் இயந்திரத்தின் உரிமையாளர். அந்த அறிவைச் சேர்ப்பதற்கான காலத்தையும் பணத்தையும் முதலிலேயே ஒதுக்குவோருக்கு, முதல் தவணை நாள் கவலையின்றிக் கழியும்.