புள்ளத்தாச்சிக்கு இடமில்லையா?

மார்கழி மாதத்தில் கோயமுத்தூர்ப் பெரிய கடை வீதியில் விடியற்காலையில் நடந்து பார்த்திருக்கிறீர்களா? கோயில்களில் திருப்பாவையும் திருவெம்பாவையும் ஒலித்துக்கொண்டிருக்கும். வாசல்களில் கோலமும் பூசணிப் பூவும். அதே வீதியில் புனித மிக்கேல் பேராலயத்துப் பக்கம் காகித நட்சத்திரங்கள் தொங்கும். கிறிஸ்துமஸ் வருகிறது என்று அர்த்தம். ஆலயங்களில் குடில் கட்டுகிற வேலையும் அப்போதுதான் மும்முரமாக நடக்கும். நவராத்திரிக் கொலு வைக்கும் வீட்டுக் குழந்தைகளின் உற்சாகம் அங்கேயும் உண்டு.

அப்படி ஒரு குடிலின் முன்னால் நான் நின்றிருந்தபோது, கிராமத்திலிருந்து வந்த ஒரு பாட்டி என் அருகில் வந்து நின்றாள். கிறிஸ்தவரல்ல, நெற்றியில் திருநீறு இருந்தது. சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஏனுங் தம்பி, பொறந்த கொளந்தைய மாட்டுத் தொட்டியிலயா போட்டு வெப்பாங்க?"

"அவங்களுக்கு வேற எடம் கெடைக்கலீங்க, பாட்டி" என்றேன்.

"எடம் கெடைக்கலியா? புள்ளத்தாச்சிக்கு எடங் குடுக்காத ஊரு என்னங்க ஊரு!"

பாட்டி போய்விட்டாள். அவள் கேட்ட கேள்வி மட்டும் என்னுடன் வீடுவரை வந்துவிட்டது.

அவள் அப்படிக் கேட்டதில் ஆச்சரியமில்லை. கொங்கு நாட்டில் கட்டுத்தரையைப் பற்றி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாணம், கோமியம், சோளத்தட்டு, கொசு எல்லாம் சேர்ந்த இடம் அது. பழைய தமிழ் பைபிளில் 'முன்னணை' என்று ஒரு சொல் வரும். கேட்பதற்கு ஏதோ பஞ்சணை போல இருக்கிறது! பிற்கால மொழிபெயர்ப்பு 'தீவனத் தொட்டி' என்று உடைத்துச் சொல்லிவிட்டது. பாட்டிக்குப் புரிந்தது இந்த இரண்டாவது சொல்தான்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். நான்கு சுவிசேஷங்களில் மத்தேயு, லூக்கா இருவர் மட்டுமே இயேசுவின் பிறப்பைச் சொல்கிறார்கள். ரோமச் சக்கரவர்த்தி குடிமதிப்புக்கு ஆணையிட்டதால் யோசேப்பும் நிறைமாதக் கர்ப்பிணியான மரியாளும் நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் புறப்பட்டார்கள் என்கிறார் லூக்கா. ஏறக்குறையக் கோவையிலிருந்து கரூர் வரையுள்ள தூரம். போன இடத்தில் சத்திரத்தில் இடமில்லை. பிள்ளை பிறந்தது, தீவனத் தொட்டியில் கிடத்தினார்கள்.

இதில் ஒரு விசேஷம் கவனித்தீர்களா? கிறிஸ்துமஸ் நாடகங்களில் கதவைச் சாத்துகிற கடுகடுப்பான சத்திரக்காரர் ஒருவர் கட்டாயம் வருவார். ஆனால் லூக்காவின் நூலில் அப்படி ஓர் ஆளே கிடையாது! மாடும் கழுதையும்கூட அதில் இல்லை. அவை பிற்காலத்தில் சேர்ந்தவை. இத்தாலியிலுள்ள கிரெச்சியோ என்ற ஊரில் 1223-ஆம் ஆண்டு புனித பிரான்சிஸ் நிஜமான மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தி, வைக்கோல் பரப்பிக் குடில் அமைத்தார். இன்றைய குடில்களுக்கு அது முன்னோடி.

சத்திரக்காரர் இல்லாதது ஒரு விதத்தில் நல்லதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் இருந்தால் பழியை அவர் தலையில் போட்டுவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கலாம். "இடமில்லை" என்று சொன்னவர் யார் என்று கதை சொல்லாததால், சொன்னது நாமாகவும் இருக்கலாம் அல்லவா?

திருப்பூரில் பனியன் கம்பெனிகளை நம்பித் தென் மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து இறங்குகின்றன. கைக்குழந்தையுடன் ஒருத்தி வாடகைக்கு வீடு கேட்டு நிற்கிறாள். "எத்தனை பேர்?", "எந்த ஊர்?" என்ற கேள்விகளுக்குப் பிறகு, தயங்கித் தயங்கி ஒரு கேள்வி வருகிறது: "நீங்க என்ன ஆளுங்க?" பதிலைக் கேட்டதும், காலியாக இருந்த வீடு காலியில்லாமல் போய்விடுகிறது. கோபமில்லை, கூச்சலில்லை. கதவு மரியாதையாகவே சாத்தப்படுகிறது.

இத்தகையவர்களுக்குப் பெத்லகேம் கதை என்ன சொல்கிறது? "வறுமை நல்லது, பொறுத்துக்கொள்" என்று சொல்கிறதா? இல்லவே இல்லை. கடவுள் மனிதனாக வந்தபோது வரிசையின் கடைசியில், இடம் கிடைக்காதவர்களோடு வந்து நின்றார் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. முதல் சேதியும் அரண்மனைக்குப் போகவில்லை. இரவெல்லாம் ஆட்டு மந்தைக்குக் காவலிருந்த மேய்ப்பர்களுக்குப் போயிற்று. தாராபுரம் பக்கத்துக் காட்டில் பட்டிக்குக் காவல் படுத்திருக்கும் ஒருவரை எழுப்பிச் சொன்னதுபோல! இடமில்லாதவனைப் பார்த்து, "நீ வெளியாள் அல்ல" என்று சொல்லும் கதை இது. இடம் உள்ளவனிடமோ அது ஒரு கேள்வி கேட்கிறது.

அந்தக் கேள்விக்கு நம் முன்னோர்களும் ஒரு பதில் வைத்திருந்தார்கள். பழைய பாதை ஓரங்களில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருக்கும். பிரசவிக்காமலே வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். அவளால் இறக்கி வைக்க முடியாத சுமைக்காக, வழிப்போக்கர்கள் தலைச்சுமையை இறக்கி வைக்க ஓர் இடம். துக்கத்தை அழுது தீர்த்ததோடு விடாமல், முகம் தெரியாதவர்களுக்கு இடமாக மாற்றினார்கள்!

அதே துக்கம் திண்டிவனத்தில் இன்னொரு விதமாக மாறியது. 1890-ஆம் ஆண்டு வாக்கில் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க யுவதி, அங்கே பாதிரியாரும் டாக்டருமாக இருந்த தகப்பனார் வீட்டில் தங்கியிருந்தாள். ஒரே இரவில் மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஆண் டாக்டர் வேண்டாம், நீங்கள் வாருங்கள் என்றார்கள். அவளுக்கோ வைத்தியம் தெரியாது. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். இந்தியாவில் தங்கவே விரும்பாத அந்தப் பெண் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்தாள். 1900-இல் திரும்பி வந்து, வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கினாள். 1918-இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியும் ஏற்பட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் கதை அதுதான். அந்த ஒற்றைப் படுக்கையும் ஒரு முன்னணைதான்!

நம் பக்கத்துச் சேலத்துக்கு வருவோம். பெண் குழந்தை பிறந்தால் வேண்டாம் என்று உயிரையே மாய்க்கும் கொடுமை அங்கே நடந்தது. 1992-ஆம் ஆண்டு தமிழக அரசு சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. கொல்லாதீர்கள், இந்தத் தொட்டிலில் போட்டுவிடுங்கள், நாங்கள் வளர்க்கிறோம் என்பது அதன் சாரம். அப்படி வந்த குழந்தைகள் தத்தெடுத்த வீடுகளில் வளர்ந்தார்கள். பிள்ளையைக் கைவிடுவதை இது சுலபமாக்காதா என்று குறை சொன்னவர்களும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. 2001 கணக்கெடுப்பில் அம்மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 900-க்கும் குறைவு. 2011-இல்தான் அது 900-ஐத் தாண்டியது. தொட்டில் ஓர் உயிரைக் காப்பாற்றும். பெண்ணைப் பாரம் என்று நினைக்கும் மனசில் இடம் உண்டாக்குவது அதைவிடப் பெரிய வேலை.

இந்த டிசம்பரில் நீங்களும் ஏதாவதொரு குடிலைப் பார்க்கப் போவீர்கள். எந்த மதத்தவரானாலும் போய்ப் பாருங்கள். களிமண் குழந்தைக்குப் பனியும் குளிரும் தெரியாது. ஆனால் உங்கள் தெருவில் வாடகை வீடு தேடி அலையும் ஒருத்தி இருக்கலாம். அவள் இடுப்பில் இருக்கும் குழந்தைக்குப் பனி தெரியும்.

அவள் உங்கள் கதவைத் தட்டும்போது, அந்தப் பாட்டியின் கேள்வி உங்கள் காதிலும் ஒலிக்கட்டும்: "புள்ளத்தாச்சிக்கு எடங் குடுக்காத ஊரு என்னங்க ஊரு!"