படம் அழகு, ஓட்டம் எப்படி?

மாணவர்களே! கையடக்கக் கருவியில் ஆடும் கார்ப் பந்தய விளையாட்டு ஒன்று விரைவில் வரப்போகிறது. விளம்பரப் படம் பளபளக்கிறது. அதை மட்டும் நம்பிக் காசு சேர்க்கலாமா?

வாலாஜாபேட்டையை ஒட்டிச் செல்லும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையையே அந்த விளையாட்டில் வரைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கார் மணிக்கு 108 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 30 மீட்டர் ஓடுகிறது. திரை வினாடிக்கு 60 படங்கள் காட்டினால், படத்துக்குப் படம் கார் அரை மீட்டர் நகரும். 15 படங்களே காட்டினால் 2 மீட்டர் தாவும்!

1989-இல் வந்த கேம் பாய் திரையில் 160 × 144 புள்ளிகள். 2004-இல் வந்த பிளேஸ்டேஷன் போர்ட்டபிள் திரையில் 480 × 272. ஏறத்தாழ ஐந்தரை மடங்குக்கும் மேல். புள்ளிகள் கூடக்கூட, ஒவ்வொரு படத்தையும் வரையும் வேலையும் கூடும். கருவி திணறினால் படங்களின் எண்ணிக்கை குறையும்.

அசையாத படம் இதைச் சொல்லாது. ஓடும் காட்சியைப் பாருங்கள். சாலையோர மரங்கள் வழுக்கிச் செல்கின்றனவா, தாவித் தாவிச் செல்கின்றனவா? பிறகு முடிவு செய்யுங்கள்.