ஸ்பீடு இருக்கு, பேச முடியல!

குபெர்டினோல ஆப்பிள் தலைமையகம் சைக்கிள் மிதிக்கிற தூரம். ஆனா ஞாயிறு ராத்திரி மதுரைக்கு வீடியோ கால் போட்டா, நானும் அப்பத்தாவும் ஒரே நேரத்துல பேசுவோம், ஒரே நேரத்துல நிறுத்துவோம். "நான் பேசி முடிக்கங்குள்ள அம்புட்டு அவசரமாடா ஒனக்கு?"ன்னு கேட்டுட்டாங்க. சுருக்குன்னு இருந்துச்சு மக்களே.

ஸ்பீடு டெஸ்ட் பிரமாதம். கஸ்டமர் கேர் சொன்ன ஒரே வைத்தியம், மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்றது (பத்து தடவை பண்ணியாச்சு!).

அப்புறம்தான் பிங் போட்டுப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 20 மில்லிசெகண்ட். ரூம்மேட் போட்டோ அப்லோட் ஆரம்பிச்சா ஆயிரத்தைத் தாண்டுது!

இதுக்குப் பேரு பஃபர்ப்ளோட். 2010ல ஜிம் கெட்டிஸ் தன் வீட்டு இணைப்புலயே கண்டுபிடிச்சு வச்ச பேரு. பாக்கெட் தொலைஞ்சாத்தான் டிசிபி வேகத்தைக் குறைக்கும். மோடமோ ஒண்ணையும் தொலைக்காம வரிசையில நிறுத்தி வைக்குது. போட்டோ மூட்டைகளுக்குப் பின்னாடி என் குரல், ரேஷன் கடை க்யூ மாதிரி.

மருந்து கோடெல். 2012ல கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கொடுத்தது. வரிசை நீளத்தைப் பார்க்காம, பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருந்துச்சுன்னு பார்க்கும். ரொம்ப நேரமானா தூக்கிப் போட்டுடும். என் ரவுட்டர்ல எஸ்க்யூஎம்னு இருந்ததை ஆன் பண்ணி, அப்லோடை 90 சதவீதமாக் குறைச்சேன். அவ்ளோதான்.

மேக் வச்சிருக்கவங்க டெர்மினல்ல நெட்வொர்க்குவாலிட்டின்னு தட்டிப் பாருங்க. 2021 மான்டரேலேர்ந்து இருக்கு. நிமிஷத்துக்கு எத்தனை தடவை போய் வருதுன்னு சொல்லும்.

தமிழ்நாடு சுமார் 14,000 கிலோமீட்டர். ஃபைபர்ல ஒளி செகண்டுக்கு ரெண்டு லட்சம். போய் வர 140 மில்லிசெகண்டை யாராலும் குறைக்க முடியாது. மீதியெல்லாம் வழியில பண்ற தாமதம்தான்.

போன ஞாயிறு அப்பத்தா முருங்கை மரம் சாஞ்ச கதையை முழுசாச் சொன்னாங்க. ரூம்மேட் போட்டோ அப்பவும் ஏறிக்கிட்டுத்தான் இருந்துச்சு.